கொசுறும் கைப்பிழையும்

(பங்கு இளைஞர் மன்றத்தினரும் மாலைப் பாடசாலைப் பெற்றோரும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பாடசாலைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

பேசுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, கணிப்பொறியின் ஓர் உறுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்களே என்று நீங்கள் வியப்படையலாம். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சிறு உறுப்புத்தான் அது. ஆயினும் அது நம் பங்கிலே ஒரு மாதம் வீட்டுக்கு வீடு வழக்காடு மன்றம் நடத்திவிட்டது. கோயில் முற்றத்தில் ஒரு விதமாகவும், தேநீர்க் கடையில் வேறு விதமாகவும் கதை பரவியிருக்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி உங்கள் முன் வைத்து, நாங்கள் ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதையும் சொல்லிவிடுவது முறை என்று குழு கருதியது.

நம் மாலைப் பாடசாலையில் பத்துக் கணிப்பொறிகள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் அலுவலகத்தார் கழித்துவிட்டவற்றை நமக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. ஆனால் இந்த மாடுகள் எழுந்து நிற்கவே நெடுநேரம் ஆயிற்று. பொத்தானை அழுத்திவிட்டு ஜெபமாலையில் ஒரு பத்து மணி நிதானமாகச் சொல்லி முடிக்கலாம். அப்போதும் திரை கண் விழித்திராது. பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கால் பங்கு காத்திருப்பதிலேயே கழிந்தது.

காரணம் எளியது. அவற்றில் இருந்தவை பழைய வகை ஹார்டு டிஸ்குகள். அதனுள்ளே வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, கிராமபோன் கை போன்ற ஒரு கை அவற்றின்மேல் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடியெடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. என்று சொல்லப்படுகிற புது வகையில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எல்லாம் சில்லுகளிலே பதிந்திருக்கும். பழைய கணிப்பொறியில் இந்த ஓர் உறுப்பை மட்டும் மாற்றினாலே அது வயது குறைந்தது போல் வேலை செய்யும். முதலில் ஒன்றை வாங்கிப் பொருத்திப் பார்ப்போம், சரிப்பட்டால் மற்றவற்றுக்குப் பணம் திரட்டுவோம் என்று 2024 செப்டம்பரில் முடிவு செய்து, இணையச் சந்தைத் தளம் ஒன்றில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 1,650 ரூபாய் செலுத்தினோம்.

வந்தது ஓர் அட்டைப்பெட்டி. பிரித்தால், உள்ளே சிறு சிறு பெட்டிகளாகப் பத்து எஸ்.எஸ்.டி.கள்!

பத்துக் கணிப்பொறிகள், பத்து எஸ்.எஸ்.டி.கள். யாரோ நம் பாடசாலைக்குள் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போய் அனுப்பி வைத்ததுபோல் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். 'ஆண்டவர் அனுப்பியிருக்கிறார்' என்று ஒரு பாட்டி சிலுவை வரைந்துகொண்டார்கள்.

இது எப்படி நேர்கிறது என்பதை வணிகம் தெரிந்தவர்கள் விளக்கினார்கள். ஆலையிலிருந்து வரும்போது இத்தகைய பொருள்களைப் பத்தோ இருபதோ சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்திருப்பார்கள். ஒவ்வொரு சிறு பெட்டியின்மேலும் கோடு கோடான அடையாளச் சீட்டு உண்டு. வெளிப்பெட்டியின்மேலும் ஒரு சீட்டு உண்டு. கிடங்கிலே கால் கடுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர், அவசரத்தில், பெட்டி முழுவதையும் 'ஒன்று' என்று எண்ணி அனுப்பிவிடுகிறார். கணக்கேட்டில் ஒன்று போனதாக இருக்கும். கிடங்கில் பத்துக் குறையும்.

விலை கொடுத்த ஒன்றை எடுத்து ஒரு கணிப்பொறியில் பொருத்தினோம். மிக நன்றாகவே வேலை செய்தது. மற்ற ஒன்பதையும் உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தோம். ஒன்பதின் விலை 14,850 ரூபாய். அன்றிரவு தொடங்கி மூன்று மாலைகள் குழு கூடிப் பேசியது.

இங்கே இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இதே குழு முன்பு ஒரு தடவை பழைய டி.டி.ஆர்.3 வகை நினைவகப் பலகை கேட்டு, டி.டி.ஆர்.4 வகை வந்து சேர்ந்தது. அவ்விரண்டுக்கும் கால்முனைகளின் எண்ணிக்கையே வேறு. முன்னதற்கு 240, பின்னதற்கு 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். எத்தனை அழுத்தினாலும் உட்காராது. அன்றைக்கு எவரும் கூட்டம் போடவில்லை. மணி அடித்த கையோடு மாற்றித் தரச் சொல்லி எழுதிவிட்டோம். உதவாத பொருள் தவறி வந்தால் மனச்சாட்சிக்கு வேலையே இல்லை. குறைவான பொருள் வந்துவிட்டாலோ நம் நியாய உணர்ச்சி தீயாய் எரிகிறது. பொருந்துகிற பொருள், அதுவும் கூடுதலாக வந்துவிட்டால்தான் டெலிபோன் கனத்துப் போகிறது!

வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தமக்கென்று ஒரு பைசா கேட்காதவர்கள் அவர்கள். 'அது கோடி கோடியாய்ப் புரளும் கம்பெனி. இந்தப் பதினாலாயிரம் அவர்களுக்குத் தூசு. இங்கே கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்' என்றார்கள். அமெரிக்காவில் மகன் இருக்கும் ஒருவர், 'கேளாமல் வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது' என்றார். இருக்கிறது, உண்மைதான். ஆனால் 1970-இல் வந்த அந்தச் சட்டம், கேட்காத பொருளை வேண்டுமென்றே வீடு தேடி அனுப்பிவிட்டுப் பிறகு பணம் கேட்டு மிரட்டிய வியாபாரிகளை அடக்க வந்தது. கைதவறியவனை மொட்டையடிக்க வந்த சட்டம் அன்று அது. நம் நாட்டுச் சட்டமும் அன்று.

ஏழைப் பிள்ளைகளுக்காக என்ற வாதம்தான் எங்களை மிகவும் அசைத்தது. அதற்கு மன்றத்து இளைஞர் ஒருவர் எழுந்து, 'கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாகிவிடாதா?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். சிரிப்பு எழுந்தது; ஆனால் அதற்குப் பிறகு அந்த வாதத்தை எடுத்தவர்கள் சற்றுத் தயங்கியே எடுத்தார்கள். நாம் செய்யும் தருமம் நம் கையிலிருந்து போக வேண்டும். அடுத்தவர் கையிலிருந்து அவர் அறியாமல் எடுத்து நாம் தருமம் செய்தால், புண்ணியம் யார் கணக்கில் ஏறும் என்பதை ஞானோபதேச வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

அன்பர்களே! சந்தையிலே காய் வாங்குகிறோம். கூடைக்கார அம்மா கணக்கு முடிந்தபின், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் அள்ளி நம் பையில் போடுகிறார். அது கொசுறு. அதை வாங்கிக்கொள்ள நாம் கூச வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் அவருக்கே மனம் வருந்தும். அதே அம்மா பேச்சுவாக்கில் ஒரு கிலோ படிக்கல்லுக்குப் பதிலாக இரண்டு கிலோ கல்லை எடுத்து வைத்து நிறுத்துவிடுகிறார் என்று வையுங்கள். அது கைப்பிழை. இரண்டிலும் பையில் விழுவது காய்தான். ஒன்றைக் கொடுத்தவருக்குத் தாம் கொடுப்பது தெரியும். மற்றதைக் கொடுத்தவருக்குத் தெரியாது. தெரிந்து கொடுப்பவர் ஒருவர் இல்லாமல் கொடை என்பது உண்டாவதில்லை. குழுவின் பேச்சு முழுவதும் முடிவில் இந்த ஓர் இடத்துக்குத்தான் வந்து நின்றது: இந்த ஒன்பதும் கொசுறா, கைப்பிழையா? அதைச் சொல்லக்கூடியவர் நாம் அல்லர், உடைமைக்காரர்.

'ஆண்டவர் அனுப்பியது' என்ற பேச்சையும் நாங்கள் இலேசாகத் தள்ளிவிடவில்லை. ஆதியாகமத்தில் இதே வழக்கு இருக்கிறது. பஞ்சகாலத்தில் யாக்கோபின் புதல்வர்கள் எகிப்திலிருந்து தானியம் வாங்கி வந்து சாக்கை அவிழ்க்கிறார்கள். கொடுத்த பணம் அப்படியே சாக்கின் வாயில் கிடக்கிறது. வீட்டிலே பசி. இருந்தும் மறுமுறை போகும்போது அந்த முதியவர், வாங்க வேண்டியதற்குரிய பணத்தோடு திரும்பி வந்த பணத்தையும் கொண்டுபோகச் சொல்கிறார். அது யாரோ தவறிச் செய்ததாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எகிப்தில் யோசேப்பின் வீட்டுக் காரியக்காரரிடம் புதல்வர்கள் விவரத்தைச் சொல்கிறார்கள். அவரோ, உங்கள் பணம் எனக்கு வந்து சேர்ந்தது, சாக்கில் இருந்தது உங்கள் கடவுள் தந்தது என்ற பொருளில் மறுமொழி சொல்கிறார். கவனியுங்கள்: அது கடவுள் தந்தது என்ற சொல், பெற்றவர்கள் வாயிலிருந்து வரவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவருடைய வாயிலிருந்து வருகிறது. நாமாகவே சாக்கை அவிழ்த்த இடத்தில் நின்று 'கடவுள் தந்தார்' என்று சொல்லிவிட்டால், அவர் பெயரைச் சற்று மலிவாகவே பயன்படுத்துகிறோம்.

மிலான் நகரத்து ஏழை ஒருவனைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் தம் மறையுரை ஒன்றில் சொல்லியிருக்கிறார். அவன் இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் எளிய வேலை பார்த்தவன். சுமார் 200 பொற்காசுகள் இருந்த பையைக் கண்டெடுத்தான். தொலைத்தவர் யார் என்று தெரியாததால் பொது இடத்தில் அறிவிப்பு எழுதி வைத்தான். வந்தவரிடம் பையின் அடையாளம், முத்திரை, காசுகளின் எண்ணிக்கை எல்லாம் கேட்டுச் சரிபார்த்த பிறகே கொடுத்தான். வெகுமதியாக 20 காசு நீட்டினார், மறுத்தான். 10 என்றார், மறுத்தான். 5 என்றார்; அதையும் மறுத்தான். அவர் கோபித்து, அப்படியானால் நான் எதையும் தொலைக்கவில்லை என்று பையையே எறிந்தாராம்! அதன்பின் வாங்கிக்கொண்டு, வாங்கியதை அங்கேயே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டான். வெகுமதியை மறுத்தது அவனுடைய பெருமை. அந்த உயரத்துக்கு நம்மை யாரும் அழைக்கவில்லை. எங்களைக் கவர்ந்தது அந்த அறிவிப்புப் பலகைதான். உடைமைக்காரர் தேடி வரட்டும் என்று அவன் சும்மா இருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் எடுத்துரைத்தார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமோ நம் வழக்கையே பார்த்து எழுதியது போலிருக்கிறது. கேட்டதற்கு மேல் சரக்கு வந்தால், கேட்டதை மட்டும் ஏற்று மிச்சத்தை மறுக்கலாம், முழுவதையும் மறுக்கலாம், முழுவதையும் ஏற்றுக்கொண்டாலோ, பேசிய விலைப்படி அத்தனைக்கும் பணம் தர வேண்டும். இது 37-ஆம் பிரிவு. 43-ஆம் பிரிவு வாங்குபவருக்கு ஆறுதலானது: வேறு உடன்பாடு இல்லாதவரை, மறுத்த சரக்கை நம் செலவில் அனுப்பி வைக்க வேண்டியதில்லை, ஏற்கவில்லை என்று தெரிவித்தால் போதும். இதைக் கேட்டதும் பொருளாளர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நேர்மையற்ற எண்ணத்தோடு பிறர் பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றமும் ஆகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவாக இருக்கிறது. போலீசு வந்துவிடும் என்று பயந்தா திருப்பிக் கொடுத்தீர்கள் என்று சிலர் கேலி பேசினார்கள். இல்லை. கையில் வந்த வழி குற்றமற்றதாயினும், பிறர் பொருள் நம்மிடம் இருக்கிறது என்பதே திருப்பிக் கொடுக்கும் கடமையை உண்டாக்கப் போதும் என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். சட்டம் பின்னால் வந்து அதற்குத் துணை நின்றது, அவ்வளவே.

இனி, 'பெரிய கம்பெனி' என்ற பேச்சு. அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைத் தளங்கள் தாமே சரக்கை வைத்துப் பொதுமக்களுக்கு விற்கலாகாது என்பது நம் நாட்டு விதி. 2016-இலும் 2018-இலும் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புகள் அதைத் தெளிவாக்கின. வாரச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் வேறு, அங்கே கத்தரிக்காய் விற்பவர் வேறு அல்லவா? அதுபோலத்தான். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பது தளத்தின் பெயர். உள்ளே மடித்து வைத்த பில்லை எடுத்துப் பார்த்தோம். ஜி.எஸ்.டி. எண்ணோடு வேறொரு நகரத்துச் சிறு வியாபாரி ஒருவரின் பெயரும் தெருவும் இருந்தன. தெருப் பெயரைப் படித்ததும் அறையில் பேச்சு சிறிது அடங்கியது.

முதலில் தளத்தின் உதவி எண்ணுக்குப் பேசினோம். அதற்குமுன், கணிப்பொறித் திரையில் இருந்த காரணப் பட்டியலைப் பார்த்தோம். பொருள் உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்திருக்கிறது, பொருள் வரவேயில்லை என்று பல கட்டங்கள். கூடுதலாக வந்திருக்கிறது என்ற கட்டம் மட்டும் இல்லை! 'வேறு பொருள்' என்ற கட்டத்தைத் தொட்டுவிடலாமே என்றார் ஒருவர். கேட்ட பொருள் வந்திருக்கையில் அப்படிச் சொல்வது பொய்யாகும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் மறுத்துவிட்டார். டெலிபோனில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடு, தம் கணக்கில் ஒன்று அனுப்பியதாகத்தான் இருக்கிறது, மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களில் பாதிப் பேர் மகிழ்ச்சியோடு எழுந்துவிட்டார்கள். மற்றப் பாதி, அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுக்கும் உரிமை உண்டா என்று கேட்டார்கள். குத்தகைக்காரரின் பணிப்பெண் கத்தரிக்காய்க்காரரின் கூடையைத் தானம் செய்யலாமா?

ஆகவே வியாபாரிக்கே எழுதினோம். ஆர்டர் எண், பில் எண், வந்த எண்ணிக்கை, உறை பிரிக்காத ஒன்பது, ஆள் அனுப்பினால் ஒப்படைக்கிறோம், அனுப்பும் செலவு எங்களால் இயலாது. இவ்வளவுதான் கடிதம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சேர்த்தோம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார்களுக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று இருப்பதால், நாங்களும் ஒரு மாதத்தைக் கெடுவாக வைத்துக்கொண்டோம். பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் குழு கடைசிவரை ஒன்றுபடவில்லை. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குத்தான் பொருந்தும், கடனுக்குப் பொருந்தாது என்று ஒரு சாரார். எத்தனை காலம் பூட்டி வைப்பது, பயன்படுத்திக்கொண்டு கேட்கும்போது விலையைக் கொடுப்போம் என்று ஒரு சாரார். எங்களுக்கு இரண்டாவதும் தவறாகத் தோன்றவில்லை, விலையை உண்மையிலேயே எடுத்து வைத்திருந்தால்.

பதினோராம் நாள் வியாபாரியே டெலிபோனில் பேசினார். சரக்கு எண்ணிப் பார்த்ததில் ஒன்பது குறைந்ததென்றும், கிடங்கில் வேலை பார்க்கும் பையன்கள் இருவரையும் சந்தேகித்து விசாரித்து வந்ததாகவும் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தோபித்தின் மனைவி அன்னா நெசவு வேலைக்குப் போனார். எஜமானர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தார்கள். உண்மையான கொசுறு அது. ஆயினும் பார்வை இழந்திருந்த தோபித்து, அது கத்துவதைக் கேட்டதும், திருட்டு ஆடாக இருக்குமோ என்று மனைவி சொல்லையும் நம்பாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். நீதிமானாகிய அவரே சந்தேகம் வந்தபோது தம் வீட்டாரை நோகடித்தார் என்றால், சரக்குக் குறைந்த ஒரு கடைக்காரரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கணக்கில் விழுந்த ஓட்டைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள்மேல்தான் கண் விழும். நிற்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளே.

அக்டோபர் நடுவில் அவர் செலவிலேயே கூரியர் ஆள் வந்தார். ஒன்பதையும் எண்ணி, உறை பிரியாததைக் காட்டி, ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிப் பாடசாலைக் கோப்பில் வைத்திருக்கிறோம்; வேண்டியவர்கள் பார்க்கலாம். வியாபாரி நன்றி சொன்னார். வேறொன்றும் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை.

அன்று பெட்டி வெளியே போவதைப் பார்த்து நின்ற ஒரு தாய், 'எங்கள் பிள்ளைகள் இனியும் காத்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்?' என்று கேட்டார்கள். குழுவில் ஒருவராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாயால் சொல்லும் பதில் அதற்குக் கிடையாது. நவம்பரிலிருந்து இளைஞர் மன்றத்தினர் பழைய செய்தித்தாள் சேர்த்து விற்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் ஒன்றுக்குரிய பணத்தைத் தந்தார்கள். பெயர் சொல்ல விரும்பாத இருவர் ஆளுக்கு ஒன்று வாங்கித் தந்தார்கள். இன்று நான்கு கணிப்பொறிகள் விரைவாக எழுகின்றன. ஆறு இன்னும் பழையபடி ஜெபமாலைக்கு நேரம் தருகின்றன. விரைவானவற்றில் ஆளுக்கு இருபது நிமிடம் என்று முறை வைத்திருக்கிறோம். அந்தத் தாயின் மகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஐந்தாவதற்கு இன்னும் 700 ரூபாய் குறைகிறது. பழைய செய்தித்தாள் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் வெளியே எடுத்து வைத்தால், பையன்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.